‘வெப்பம் தாங்கும்’ விதைக்கயிறு வாங்கலாமா?

கேள்வி: குளிர்கடலில் சர்க்கரைக் கெல்ப் என்ற பழுப்புக் கடற்பாசியை வளர்க்கிறேன். இளவேனில் முடிவில் நீரின் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் அதன் இலை போன்ற தாள்களின் நுனி வெளுத்து உதிர்கிறது; வெண்ணிறப் படலமும் படர்கிறது. வெப்பமான கடற்பகுதியிலிருந்து வந்த, ‘சூடு தாங்கும்’ விதைக்கயிறு (இளம்பாசி ஒட்டி வளரும் கயிறு) என்று ஒரு விற்பனையாளர் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வெப்பம் தாங்கும் திறன் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவது உண்மைதான். அமெரிக்காவின் லாங் ஐலண்ட் சவுண்ட், மெய்ன் ஆகிய கடற்பகுதிகளின் சர்க்கரைக் கெல்ப்பை ஒப்பிட்டு 1988இல் வெளியான ஆய்வில், 20 டிகிரி நீரில் முதல் பகுதியின் செடிகள் தாக்குப்பிடித்தன, மெய்ன் செடிகள் மடிந்தன. ஆனால் அந்தத் தாக்குப்பிடிப்புக்குத் திசுவில் சேர்ந்திருந்த நைட்ரஜனும் துணைநின்றது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. நீர் சூடேறும் பருவத்தில் மேல்மட்ட நீரில் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தும் குறைந்துவிடுவதால், உங்கள் செடிகள் வெப்பத்தோடு பட்டினியையும் சேர்த்தே தாங்க வேண்டியிருக்கிறது.

கயிற்றை எப்போது இறக்கினீர்கள், ஏன் இவ்வளவு தாமதமாக அறுவடை செய்கிறீர்கள் என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்பாசி 10 முதல் 15 டிகிரியில் நன்றாக வளரும். ஆகவே இலையுதிர் காலத்தில் நீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கயிற்றை இறக்கி, இளவேனிலில் அந்த அளவைத் தாண்டுமுன் அறுத்துவிடுங்கள். நீங்கள் கண்ட படலம் பாசிவிலங்குகள் எனப்படும், ஒட்டி வாழும் நுண்ணிய கடல் உயிரிகளின் கூட்டமாகவே இருக்க வேண்டும். அது படர்ந்த தாள் எளிதில் முறியும், அலையில் உதிரும். கூடுதல் எடைக்காகக் காத்திருப்பவர் கையிலிருப்பதையும் இழக்கிறார்.

விதை விஷயத்தில் என் நிலைப்பாடு உறுதியானது: உங்கள் விரிகுடாவின் விதையே உங்களுக்கு விதை. வெப்பம் மட்டுமன்றி, அங்குள்ள உப்பளவுக்கும் நீரோட்டத்துக்கும் ஒளிக்கும் பல தலைமுறைகளாகப் பழகிய செடி அது. வெளியூர் விதையை இறக்கி, அது நீரில் வித்துகளை விடுமுன் அறுக்கத் தவறினால், இயற்கைப் பாசிக்காட்டோடு கலந்துவிடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. இதனால்தான் அலாஸ்காவில், பண்ணையிலிருந்து 50 கி.மீ.க்குள் சேகரித்த, குறைந்தது 50 தாய்ச்செடிகளின் விதையையே பயன்படுத்த வேண்டும் என்று விதி வகுத்தார்கள். உங்கள் விற்பனையாளரிடம் தாய்ச்செடிகள் எங்கே, எத்தனை, எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் சோதிக்கப்பட்டன என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ‘சூடு தாங்கும்’ என்பது வெறும் விற்பனைச் சொல்.

இந்தக் கோடையில் உங்கள் கடலின் வெப்பமான ஆழமற்ற பகுதியில் பிழைத்து நிற்கும் செடிகளை அடையாளமிட்டு வையுங்கள். அவற்றின் தாளில் வித்துகள் உருவாகும் கரும்பழுப்புத் திட்டுகள் முதிர்ந்ததும், ஒன்றிரண்டிலிருந்து அல்லாமல் பலவற்றிலிருந்தும் சிறு துண்டுகளை மட்டும் வெட்டி, நாற்றங்காலில் வித்துவிடச் செய்யுங்கள். வித்துகளிலிருந்து முளைக்கும் ஆண், பெண் நுண்ணிழைகளில் ஒரு பகுதியைச் சுமார் 10 டிகிரியில் சிவப்பு விளக்கின் கீழ் வைத்தால், அவை கருவுறாமல் பெருகிக்கொண்டிருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான விதையையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.