மண்ணை ஒட்டிப் பூத்த மஞ்சள் பூ எது?

கேள்வி: ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது, ஜவ்வாது மலை அடிவாரக் காட்டில் பனங்கன்று போல இலை விட்ட சிறு செடியின் அடியில், மண்ணை ஒட்டியே ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தேன். ஆறு இதழ், ஒரு ரூபாய் நாணயம் அளவு. கூட வந்தவர்கள் பனங்கன்றுதான் என்கிறார்கள். பனை இப்படிப் பூக்குமா? வேரோடு எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா?
- ஒரு வாசகி, போளூர்

பதில்: பனை பூக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவும் உச்சியில் பாளை விட்டுத்தான். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது நிலப்பனை. தாவரவியலில் குர்குலிகோ ஆர்கியாய்டிஸ். பனைக்கும் இதற்கும் உறவே கிடையாது, இலையில் நீளவாட்டில் விழுந்திருக்கும் மடிப்புகளால் வந்த பெயர்தான். இலையைத் தடவிப் பாருங்கள்: பனங்கன்றின் ஓலை விறைப்பாக இருக்கும், இது மெத்தென்று, மெல்லிய ரோமத்தோடு இருக்கும்.

அடுத்த முறை பூவைக் கிள்ளாமல் இலைகளை மட்டும் மெதுவாக விலக்கிப் பாருங்கள். பூவுக்குக் கீழே நூல் போல ஒன்று இறங்கும்; காம்பு என்று தோன்றும், ஆனால் காம்பு இல்லை, பூவையும் சூலகத்தையும் இணைக்கும் குழல் அது. சூலகம் இலையடிக்குள், மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. நிலக்கடலையில் பூ முடிந்த பிறகுதான் விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும், இதிலோ காயாகப் போகிற பாகம் முதலிலிருந்தே மண்ணுக்குள் இருக்க, பூ மட்டும் வெளிச்சத்துக்கு எட்டி வருகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. பூவைத் தாங்கும் மெல்லிய தண்டு மண்ணுக்கு மேலே நன்றாகத் தெரிந்து, இலையும் புல்லைப் போல மடிப்பில்லாமல் இருந்தால் அது ஹைபாக்சிஸ், இதன் சொந்தக்காரச் செடி. கொடைக்கானல், நீலகிரி புல்வெளிகளில் பார்க்கலாம்.

சரி, தொட்டி விஷயம். தயவுசெய்து தோண்டாதீர்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சித்த மருந்துகளில் சேரும் நிலப்பனைக் கிழங்கு இதுதான். வெளியே கறுத்து, உள்ளே வெள்ளையாக, நேராகக் கீழே இறங்கும் அந்தக் கிழங்குக்காக முழுச் செடியையும் பிடுங்கிப் பிடுங்கியே பல காடுகளில் இது அருகிவிட்டது. வளர்க்க ஆசை என்றால் மூலிகை நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள், கிழங்குத் துண்டு ஒன்று போதும், முளைத்துவிடும். கொஞ்சம் நிழல் வேண்டும். இலை நுனி மண்ணில் பட்டுக் கிடந்தால் வெட்டிவிடாதீர்கள், சில சமயம் அங்கேயே வேர் விட்டுக் குட்டிச் செடி வரும்.