35-ஆம் ரேங்க் தேர்வில் நேரம் போதாமல் தோற்கும் சிக்கல்

கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் 35-ஆம் சாகச ரேங்க் (ஆட்டக்காரரின் ஒட்டுமொத்த நிலை) தேர்வில் நேரம் போதாமல் தோற்பதாகவும், கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எட்டுப் பாத்திரங்களைச் சமமாக 40-ஆம் நிலைவரை உயர்த்தியது நஷ்டம்தான், ஆனால் சரிசெய்ய முடியாததல்ல. இனிமேல் ஒரே ஒரு தாக்குதல் பாத்திரத்தை மட்டும் 60-க்குக் கொண்டுபோங்கள்; மற்ற ஏழு பேரும் காத்திருக்கட்டும்.

எனக்குச் சந்தேகம் ஆயுதத்தின் மேல்தான். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை! ஆர்ட்டிஃபாக்டில் (பாத்திரத்துக்கு அணிவிக்கும் பொருள்) வரும் தாக்குதல் சதவீதம், பாத்திரத்தின் அடிப்படைத் தாக்குதலும் ஆயுதத்தினுடையதும் சேர்ந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. ஆயுதம் 20-லேயே கிடந்தால் நல்ல ஆர்ட்டிஃபாக்டும் வீண்.

பாத்திரத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து தாக்குதல் எண்ணைப் பாருங்கள். வெள்ளையில் இருப்பது அடிப்படை, பச்சையில் இருப்பது கூடுதல். ஆயுதத்தை உயர்த்தியதும் வெள்ளை எண் ஏறும், பச்சையும் கூடவே ஏறும். பிறகு தேர்வுக்குப் போங்கள்.

அவசரமும் இல்லை. தேர்வை முடிக்கும்வரை கிடைக்கும், ரேங்கை உயர்த்தும் சாகச அனுபவப் புள்ளிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். முடித்ததும் மொத்தமாக வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். மேம்படுத்திய ஆர்ட்டிஃபாக்டை இன்னொன்றுக்குத் தீனியாகப் போட்டால் அதில் செலவழித்த அனுபவத்தில் 80 சதவீதம் திரும்பும். பாத்திரத்துக்குக் கொடுத்த அனுபவப் புத்தகங்கள் திரும்பவே திரும்பாது. அதனால் யாரை உயர்த்துவது என்று முடிவெடுக்கும்முன் இரண்டு நாள் அவரை வைத்து ஆடிப் பாருங்கள். 8 நிமிடத்துக்கு ஒன்றாக ரெசின் (பரிசுகளைப் பெறச் செலவாகும் ஆற்றல்) தானே ஊறும், அதை நிரப்ப விளையாட்டின் அரிய நாணயமான ப்ரிமோஜெம்மைக் கொட்ட வேண்டாம்.