தூக்கத்திலும் பிரேக் மிதிக்கிறார்

கேள்வி: என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக லாரி ஓட்டியவர். பதினொரு மாதத்துக்கு முன் முன்பக்க டயர் வெடித்து வண்டி மரத்தில் மோதியது. கூட வந்த கிளீனர் பையன் அங்கேயே இறந்துவிட்டான். இவருக்குத் தோள் எலும்பு முறிந்து, இப்போது சரியாகிவிட்டது. ஆனால் ராத்திரியில் கத்திக்கொண்டு எழுகிறார். தூக்கத்தில் வலது காலால் கட்டில் சட்டத்தை அழுத்தி அழுத்தி மிதிக்கிறார். எழுப்பப் போன என்னை ஒருநாள் அடித்தும்விட்டார். பஞ்சர் கடை இருக்கிற தெருவில் போவதே இல்லை. தினமும் குடிக்கிறார். மாமியார் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார். ‘மறந்துடுங்க’ என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.
- பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

பதில்: அந்த ‘மறந்துடுங்க’வை இன்றோடு நிறுத்திவிடுங்கள் சகோதரி. முடிந்திருந்தால் அவர் என்றைக்கோ மறந்திருப்பார்.

கட்டில் சட்டத்தை மிதிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, நோயின் கதை முழுவதும் அதில் இருக்கிறது. அந்த ஒரு நொடியில் அவர் மிதித்த பிரேக் இன்னும் முடியவில்லை. மூளையில் அமிக்டலா என்று பாதாம்பருப்பு வடிவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தை மோப்பம் பிடித்து உடம்பை உசுப்புவது அதன் வேலை. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு அது அடங்குவதில்லை. ‘இது நடந்து முடிந்தது’ என்று மற்ற நினைவுகளின்மேல் விழுகிற முத்திரை இந்த நினைவின்மேல் மட்டும் சரியாக விழுவதில்லை. பஞ்சர் கடையில் ரப்பர் சூடாகும் வாசனை மூக்கில் ஏறினால் போதும், அவர் மறுபடி அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று இதைச் சொல்கிறோம், டாக்டர்கள் பி.டி.எஸ்.டி. என்பார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் தவிப்பைப் பார்த்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். கோழைத்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அலைச்சத்தம் கேட்டுத் தூங்க முடியாமல் தவித்தார்கள். நடந்து ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒதுங்கிப்போவதும் பிழைப்பைக் கெடுத்தால் வைத்தியம் பார்த்தாக வேண்டும். உங்களுக்குப் பதினொரு மாதம் ஆகிவிட்டது.

ராத்திரி கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் உங்கள் கை அவருக்கு உங்கள் கையாகத் தெரியாது. அன்றைக்கு அடி விழுந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். விளக்கைப் போட்டு, கால்மாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லையென்றால் பிள்ளை பேரைச் சொல்லி, ‘இன்னாரோட அப்பா’ என்று கூப்பிடலாம். ‘வீட்லதான் இருக்கீங்க, நான்தான் பேசறேன், வண்டி இல்ல’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். எழுந்ததும் வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்காரட்டும். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுவது அவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும். ‘என்ன கனவு?’ என்று அப்போது கேட்க வேண்டாம். விழித்திருக்கும்போது அடித்தால் அது வேறு விஷயம். நோயாளி என்பதற்காக நீங்கள் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைகளோடு வேறு அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள்.

அந்தப் பையனைப் பற்றி அவராகப் பேச ஆரம்பித்தால் வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். ‘நான்தான் கொன்னுட்டேன்’ என்பார். உடனே ‘உங்க தப்பு இல்ல’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள். முழுவதும் சொல்லி முடிக்கட்டும். ‘சாகணும்போல இருக்கா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதுகாப்பாகப் பேசவைத்து பயத்தைத் தணிக்கிற உளவியல் சிகிச்சைதான் இதற்கு முதன்மை. செர்ட்ராலின் போன்ற மாத்திரையும் கொடுக்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள், அதுவும் குடிக்கிறவருக்கு! அந்தக் குடியை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். தூங்குவதற்காகத்தான் குடிக்கிறார், ஆனால் தூக்கத்தைக் கெடுப்பதே அதுதான். வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416-க்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் அது. ராத்திரி எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மாமியாரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும். ‘அத்தை, இதோட டாக்டரையும் ஒருதரம் பாத்துடலாம், நீங்களும் வாங்க’ என்று அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் கூப்பிட்டால் வருகிற பிள்ளைகள் நிறைய.

அடுத்த மாதம் அந்தப் பையனுக்குத் தலைத்திவசம் வரும். அந்தத் தேதி நெருங்க நெருங்க அவருக்கு இந்தத் தவிப்பு அதிகமாகத்தான் செய்யும். அதற்குள் டாக்டரை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். அந்த வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிடுங்கள். போனாலும் போகாவிட்டாலும் அன்று ராத்திரி அவர் தனியாகப் படுக்க வேண்டாம். உங்களுக்குத் துணையாக உங்கள் அண்ணனையோ தம்பியையோ வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.