குடும்ப வரலாற்று மாநாட்டில் பேச விரும்புகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறை வம்சாவளியைத் திரட்டி வைத்திருக்கிறேன். 'எங்கள் குடும்ப வரலாறு' என்ற தலைப்பில் ஒரு மாநாட்டுக்கு உரை முன்மொழிவு அனுப்பினேன். தேர்வாகவில்லை. அடுத்த முறை எதை மாற்ற வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பேசும் பொருளையே மாற்றுங்கள் அம்மா. அரங்கில் வந்து உட்காருகிறவர் தன் பாட்டனாரைத் தேடிக்கொண்டிருப்பவர். உங்கள் பாட்டனார் எந்தத் தாளில் கிடைத்தார், அந்தத் தாளை எப்படி வாசித்தீர்கள் என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். தேர்வுக் குழுவும் இதைத்தான் பார்க்கிறது: கேட்டவர் ஊருக்குப் போய்ச் செய்து பார்க்க இந்த உரையில் என்ன இருக்கிறது?

ஏழு தலைமுறையை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மூலத்தை எடுங்கள். நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரித்த நோட்டுகளே போதும். அதில் தலைக்கட்டு (வரி கொடுக்கும் குடும்பம்) வாரியாகப் பெயர் இருக்கும். கல்யாணம் ஆனவரைத் தனித் தலைக்கட்டாக எழுதும் ஊர்களில், ஒரு பெயர் முதன்முதலாக வரும் வருஷம் அவர் கல்யாணத்தை ஒட்டியதாக இருக்கும். பெயர் நின்றுபோகும் வருஷம்தான் சிக்கல். இறந்திருக்கலாம், கொழும்புக்கோ பம்பாய்க்கோ பிழைக்கப் போயிருக்கலாம், வரித் தகராறில் ஒதுங்கியும் இருக்கலாம். இதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதற்கே உரையில் பாதி நேரம் கொடுக்கலாம்.

வரி நோட்டில் பெண்கள் பெயர் அபூர்வம். அந்தக் குறையை மொய் நோட்டு ஓரளவு தீர்க்கும். மொய் எழுதியவரின் ஊர் அதில் இருப்பதால், பெண் கொடுத்த, பெண் எடுத்த ஊர்கள் பிடிபடும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, பங்குனி உத்திரத்துக்கு உங்கள் குலதெய்வ சாஸ்தா கோயிலுக்கு வரும் பங்காளிகளிடம் சரிபாருங்கள்.

ஒன்றில் கவனம் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே நோட்டில் இரண்டு சுடலைமுத்து வருவார்கள். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் இடையில் உள்ள தலைமுறை காணாமல் போகும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து, தெரு, பத்திரத்தில் உள்ள சர்வே எண் இவற்றை வைத்துப் பிரிக்க வேண்டும். பிரித்துக் காட்டும் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டால் அதுவே உங்கள் உரையின் சிறந்த பத்து நிமிடமாக அமையும்.

கேள்வி: உரைச் சுருக்கம் 150 சொற்களுக்குள் கேட்கிறார்கள். எதை எழுத, எதை விட?
– வாசகர், தென்காசி

பதில்: முதல் வாக்கியத்தில் சிக்கல், அடுத்து மூலம், பிறகு முறை, கடைசியில் கேட்பவர் கற்றுக்கொண்டு போவது. மாதிரிக்கு: "இறப்புப் பதிவு கிடைக்காத முன்னோர் எந்தக் காலம்வரை ஊரில் இருந்தார் என்று எப்படி அறிவது? நெல்லைச் சீமைக் கிராமம் ஒன்றின் கொடை வரி நோட்டுகளையும் மொய் நோட்டுகளையும் பத்திரங்களோடு ஒப்பிட்டு இவ்வுரை விடை தேடுகிறது. ஒரே பெயர் கொண்ட இருவரைப் பிரிக்கும் முறை படிப்படியாகக் காட்டப்படும்." இவ்வளவுதான். குலப்பெருமை, நன்றியுரை, தமிழரின் தொன்மை எதுவும் வேண்டாம்.

தலைப்பில் மூலமும் இடமும் காலமும் இருக்கட்டும். 'மறைந்த சுவடுகள்' என்று வைத்தால் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. உரை யாருக்கு என்ற கட்டத்தில் 'அனைவருக்கும்' என்று போடாதீர்கள்; தொடக்க நிலையா, பழகியவர்களுக்கா என்று துணிந்து சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு வருஷம் முன்பே முன்மொழிவு கேட்கும் மாநாடுகளும் உண்டு. அதனால், இனிமேல்தான் பார்க்கப் போகிற ஆவணத்தை நம்பி எழுதக்கூடாது. நோட்டை வைத்திருப்பவரிடம் திரையில் காட்ட எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் பற்றிப் பேச ஆசை. அவற்றின் ஆண்டுக் கணக்கில் சறுக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பயம் நியாயமானது, முன்மொழிவுகள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். '௲௫௰௨ ௵ தாது வருஷம் தை ௴' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு, ஆக 1052. ௵ வருஷக் குறி, ௴ மாதக் குறி. இது கொல்லம் ஆண்டு, கேரளத்திலும் நம் பக்கமும் வழங்கிய ஆண்டுக் கணக்கு. நம் பக்கம் இது ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு கிடைக்க, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை என்றால் 824 கூட்டுங்கள். அதன் பின் ஆடி வரை 825. தை மாதம் என்பதால் 1877 ஜனவரி. இதே ஆண்டு புரட்டாசி என்றிருந்தால் 1876. எல்லா மாதத்துக்கும் 825 கூட்டுகிறவர் ஒரு வருஷம் பிசகிவிடுகிறார்.

வருஷப் பெயரை மட்டும் நம்பினால் பிசகு அறுபது வருஷமாகும். தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. கொல்லம் எண் பக்கத்தில் இருந்தால் சந்தேகமே இல்லை. இல்லையென்றால் உள்ளடக்கம்தான் துணை. பஞ்சத்தைப் பற்றிய பேச்சு வந்தால் அது 1876–78 தாது வருஷப் பஞ்சமா என்று பாருங்கள். ஓலை முகப்பில் உள்ள பிள்ளையார் சுழியை ௨ என்று படித்துவிடாதீர்கள். ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும் தெரியும்.

சுருக்கத்தில் கொல்லம் ஆண்டையும் ஆங்கில ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். படித்துப் பார்ப்பவர் கணக்கைச் சரிபார்க்கலாம்.

கேள்வி: செங்கோட்டைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய உரைக்கு 'நெல்லை மாவட்ட ஆவணங்கள்' என்று தலைப்பு வைக்கலாமா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: காலத்தைப் பொறுத்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கமும் தேட வேண்டும். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின. திருச்செந்தூரின் 1950ஆம் வருஷத்துப் பத்திரத்தில் திருநெல்வேலி ஜில்லா என்றுதான் இருக்கும். ஆவணத்தில் உள்ள பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது.

கேள்வி: சபைப் பதிவேட்டில் முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற பதிவு கிடைத்தது. பழைய பெயரும் சாதியும் அதில் உள்ளன. சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்களா?
– வாசகர், நாசரேத்

பதில்: வருத்தப்பட வாய்ப்பு உண்டு. அனுப்பும் முன்பே நெருங்கிய உறவினரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். உயிரோடிருப்பவர் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எதுவும் திரைக்கு வரக்கூடாது. தத்து, இரண்டாம் தாரம் போன்றவை உங்கள் முறையை விளக்கத் தேவையா என்று கேட்டுப் பாருங்கள், தேவையில்லையென்றால் விட்டுவிடுங்கள். பக்கத்து வரியில் இருக்கும் வேறு குடும்பத்தின் பதிவை மறைக்கத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஒரு மணி நேர உரைக்கு எத்தனை படம்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மீதியில் ஓர் ஆவணப் படத்துக்கு இரண்டு நிமிடமாவது வேண்டும், இருபதைத் தாண்டாதீர்கள். முழுப் பத்திரத்தையும் ஒரே படத்தில் போட்டால் பின் வரிசைக்கு எழுத்து தெரியாது. வேண்டிய இரண்டு வரியை வெட்டிப் பெரிதாக்கி, கீழே இன்றைய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.