பெருங்குடல் கட்டி சந்தேகமா, பாளையங்கோட்டை பத்தாலஜி அண்ணாச்சிட்ட கேளுங்க

முப்பது வருசமா மைக்ராஸ்கோப்புல கண்ண வச்சவன். குடலோட உள்தோல்ல வராம தசை, நரம்பு, கொழுப்புன்னு சுவத்துக்குள்ள வளருத மெசன்கைமல் கட்டி பத்தி மட்டும் கேளுங்க.

தென்காசி: அண்ணாச்சி, மாமாவுக்கு கொலனோஸ்கோப்பி பயாப்சி நார்மல்னு வந்துச்சு, ஆனா டாக்டர் கட்டி இருக்கு ஆபரேஷன்ங்காரு. யாரு பொய் சொல்லுதா?

யாரும் சொல்லல தம்பி. கட்டி தோலுக்கு அடியில இருக்கு, ஸ்கோப்பு இடுக்கி மேல்தோலத்தான் கிள்ளும். நுங்குக் காய வெளிய கிள்ளிட்டு உள்ள எத்தன கண்ணுன்னு கேட்டா எப்படி? சிடி ஸ்கேன் பாருங்க, தேவைன்னா எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டுல ஊசி வச்சு எடுப்பாவ.

வள்ளியூர்: லிப்போமா கேன்சரா மாறுமா?

மாறாது. அது வெறும் கொழுப்பு, ஸ்கோப்பால அமுக்குனா தலகாணி கணக்கா குழியும். பெருசாயி குடலுக்குள்ள குடல் சொருகிக்கிட்டாத்தான் வம்பு.

கோவில்பட்டி: சாப்ட்ட ஒடனே நெஞ்சு எரியுது.

வயித்து டாக்டர்ட்ட போங்க.

அம்பாசமுத்திரம்: 1997ல அப்பாவுக்கு பெருங்குடல்ல லெயோமயோசார்கோமான்னு, அதாவது தசைக் கேன்சர்னு எடுத்தாவ. இப்ப ஈரல்ல கட்டி, புது டாக்டர் பழசு ஜிஸ்ட்டா (GIST, குடல் சுவத்துல வருத இன்னொரு வகைக் கட்டி) இருக்கலாம்ங்காரு. அன்னைக்கு தப்பா எழுதிட்டாவளா?

தப்புன்னு சொல்ல மாட்டேன். அப்ப எங்களுக்குக் கண்ணு மட்டுந்தான். கதிர் மாதிரி நீட்டு நீட்டா செல்லு கெடந்தா தசைக் கட்டின்னு எழுதிருவோம். 1998ல ஜப்பான்ல ஹிரோட்டாவும் கூட்டாளிகளும் ஜிஸ்ட்ல கிட் ஜீன் கெட்டுப் போயிருக்குன்னு காமிச்சாவ, குடல் அசைவுக்கு தாளம் போடுத கஹால் செல்லோட சொந்தக்காரக் கட்டின்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஜிஸ்ட் பெரும்பாலும் இரைப்பை, அடுத்து சிறுகுடல், பெருங்குடல்ல அபூர்வம், அதனால சும்மா மாத்திச் சொல்லிறவும் முடியாது. ஆனா ஜிஸ்ட்னா இமாட்டினிப் மாத்திரை கேக்கும், தசை சார்கோமாவுக்கு அது கேக்காது. பழைய பிளாக்கு, அதாவது கட்டித் துண்ட மெழுகுல பதிச்சு வச்சது கெடைச்சா, சிடி117, டாக்-1 (ரெண்டும் ஜிஸ்ட்டுக்கு), டெஸ்மின் (தசைக்கு)னு சாயம் போட்டுப் பாத்துரலாம், புடிச்சா செல்லு பழுப்பாயிரும். பிளாக்கத் தேடுங்க.

பத்தாலஜி பிஜி மாணவர்: சார், சிடி117 பாசிட்டிவ்னா ஜிஸ்ட்தானே? மத்ததெல்லாம் போட்டு பேஷண்ட் காச ஏன் கரைக்கணும்?

எலேய், இதத்தான் எதிர்பாத்தேன். ஒரு தடவ ஒரு பிள்ள இப்படித்தான் ஜிஸ்ட்னு எழுதிக் கொண்டாந்துச்சு. சிலைட வச்சுப் பாத்தா பழுப்பா புடிச்சிருக்கது பூரா ஊடால ஒண்ணு ரெண்டா கெடக்க உருண்டை மாஸ்ட் செல்லு (அலர்ஜியில வேல செய்யுத செல்லு, அதுலயும் சிடி117 புடிக்கும்), கட்டியோட நீட்டு செல்லு எல்லாம் வெளுத்துப் போய் நிக்கி. டெஸ்மின் போட்டோம், சிலைடு பூரா பழுப்பு. சாதாரண லெயோமயோமா வே, கேன்சர் இல்லாத தசைக் கட்டி!

பிஜி: அப்ப டாக்-1 மட்டும் போட்டா? மாஸ்ட் செல்லுல அது புடிக்காதே.

அது சரி, ஆனா தசைக் கட்டிக்குள்ளயும் கஹால் செல்லு ஊடுருவிக் கெடக்கும், அதுல டாக்-1ம் புடிக்கும். எந்தச் செல்லு புடிக்குன்னு பாக்காம எண்ணாத.

சங்கரன்கோவில்: காசு யாரு குடுப்பா அண்ணாச்சி?

தப்பான கட்டிக்கு வருசக்கணக்கா மாத்திரை முழுங்குத செலவ ஒரு தாள்ல எழுதிப் பாரும்.

வேறொருத்தர்: பயாப்சி எடுத்தா பரவுமா?

இதக் கேக்குத மூணாவது ஆளு நீங்க. அந்தப் பயத்துல எடுக்காம இருக்காதிய. ஜிஸ்ட்ட ஆபரேஷன்ல ஒடைக்காம எடுக்கணும், அதுக்குத்தான் பயப்படணும்.

தியேட்டர் நர்ஸ்: கட்டிய சலைன்ல அனுப்பலாமா?

அனுப்பாதிய தாயி! ஊறுகாய் பாட்டில்ல, சலைன்ல, ராத்திரி பூரா பஸ்ல வந்ததெல்லாம் பாத்துட்டேன், தெறந்தா நாத்தம். செல்லு அழுகிட்டா 5 சதுர மில்லிமீட்டர்ல எத்தன செல்லு பிரியுதுன்னு எப்படி எண்ணுவேன்? அந்த எண்ணிக்கை இல்லாம திரும்ப வருமா வராதான்னு சொல்ல முடியாது. 10 சதவீத பார்மலின், கட்டி மாதிரி பத்து மடங்கு, வாய் அகலமான டப்பா.

நாங்குநேரி: பயாப்சி எடுத்தா...

மேல பாருங்க.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அம்மா பீரோல சேலைக்கு அடியில ரிப்போர்ட்டோட ஒரு சின்ன மெழுகுக் கட்டி வச்சிருக்கா, நடுவுல வெள்ளையா ஏதோ இருக்கு. இதுவா?

அதேதான். கார் டேஷ்போர்டுல வெயில்ல வச்சிராதிய, உருகிரும். ரிப்போர்ட்டோட கையில கொண்டாங்க.