ஃபஸ் பெடலின் உறுமல்: கெப்பாசிட்டரை மாற்றும் முன் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வசிக்கிறேன். இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களை வைத்து, கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் ஒன்றைப் பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் நானே கட்டினேன். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய 9 வோல்ட் அடாப்டரில் இயக்கினால் விடாமல் உறுமுகிறது; கிட்டார் கம்பியைத் தொட்டால் சற்று அடங்குகிறது. ஸ்விட்சை மிதித்தால் 'டப்' என்று வெடிக்கிறது. மழை நாளில் கொறகொறப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றியும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே கோளாறு என்று எண்ணி நீங்கள் தேடுவது உண்மையில் மூன்று நான்கு கோளாறுகளின் கூட்டு. ஃபஸ் சுற்றின் வேலையே மில்லிவோல்ட் அளவில் நுழைவதைப் பல மடங்கு பெருக்கித் தருவதுதான் என்பதால், கிட்டாரின் ஒலியோடு வந்து ஒட்டிக்கொள்ளும் எதையும் அது அதே மரியாதையோடு பெருக்கிவிடும். ஆகவே சாலிடரிங் அயர்னைத் தொடுமுன், எந்த இரைச்சல் எந்த வழியாக நுழைகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டு ஒரு புதிய 9 வோல்ட் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். உறுமல் பெருமளவு மறைந்தால் குற்றவாளி அடாப்டர்தான். இதையே காதாலும் உறுதி செய்யலாம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் அது முழு அலையாகத் திருத்தப்படும்போது எஞ்சும் ஏற்ற இறக்கம் 100 ஹெர்ட்ஸாக ஆகிறது. வழக்கமான சுருதியில் உள்ள கிட்டாரின் ஆறாம் கம்பியை, அதாவது மிகத் தடித்த கம்பியை, மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் கிடைப்பது 98 ஹெர்ட்ஸ். ஃபஸ் குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு உறுமலை அந்தச் சுரத்தோடு ஒப்பிடுங்கள். ஏறக்குறைய பொருந்தினால் அது அடாப்டர் வழியாக வருவது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலித்தால், சுவரில் ஓடும் வயரிலிருந்தோ அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ நேரடியாகத் தொற்றுவது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை அடாப்டர்களில் பல, சுமையில்லாத நிலையில் 12 வோல்ட்டுக்கு மேலும் தருபவை. மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள், பெடலில் 10 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் அதற்கு ஆபத்து. பிளஸ், மைனஸ் முனைகளையும் அப்போதே சரிபாருங்கள். அடாப்டரை விட மனமில்லையென்றால், பெடலுக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு (சுற்றின் பொதுவான மைனஸ் இணைப்புக்கு) 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரைப் போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகக் குறையும். ஒலி செல்லும் பாதையில் உள்ள கெப்பாசிட்டர்களை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பலன் வராது. என்னைக் கேட்டால் பேட்டரியே போதும் என்பேன். இந்தச் சுற்று இழுப்பது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர்தான். எல்இடி விளக்கு வைக்காமல், வாசித்து முடித்ததும் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் ஓர் ஆல்கலைன் பேட்டரி மாதக்கணக்கில் உழைக்கும்.

கம்பியைத் தொட்டால் அடங்குவது நல்ல அறிகுறி. கம்பிகளின் கிரவுண்ட் இணைப்பு சரியாக இருக்கிறது, வெளியிலுள்ள மின்புலம்தான் உள்ளே புகுகிறது என்று பொருள். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். உறுமல் நின்றால் அது கிட்டாரின் வழியாக வருகிறது. நிற்காவிட்டால் உங்கள் சோப்பு டப்பா. பிளாஸ்டிக் எந்தப் புலத்தையும் தடுக்காது. டப்பாவின் உட்புறமெங்கும் அலுமினியத் தாளை ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். அலுமினியத்தில் சாதாரண சாலிடர் பிடிக்காது என்பதால், ஒரு திருகில் வளையத்தை மாட்டி அதில் வயரைச் சாலிடர் செய்ய வேண்டும். போர்டின் அடிப்பக்கம் தாளில் உரசாமல் ஓர் அட்டையும் வையுங்கள். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகும்போது அலுமினிய வார்ப்புப் பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் இந்த வேலையே இல்லை.

உறுமலாக இல்லாமல் 'ஜிர்ர்' என்ற கூர்மையான ஓசையானால், அறையிலுள்ள மின்விசிறியைக் கவனியுங்கள். வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகை ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் இந்த ஓசை எழும். முழு வேகத்தில் வைத்தால் பெரும்பாலும் தணியும். ஆம்ப்ளிஃபயரைச் செருகும் மூன்று துளை சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். இரைச்சல் குறைகிறது என்பதற்காக எர்த் முள்ளை நீக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அது உயிரோடு விளையாடுவது.

'டப்' வெடிப்புக்குத் தீர்வு எளிது. பெடல் அணைந்திருக்கும்போது நுழைவுக் கெப்பாசிட்டரின் வெளிமுனை அந்தரத்தில் தொங்குகிறது; கசிவினால் அதில் மின்னூட்டம் சேர்ந்து, மிதித்த கணத்தில் பாய்கிறது. அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும். வெளியீட்டுப் பக்கத்தில் வால்யூம் குமிழே அந்த வேலையைச் செய்துவிடும்.

மழைநாள் கொறகொறப்புக்குக் கடற்கரையில் குடியிருப்பதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாலிடரிங் பேஸ்ட்டின் மிச்சம் போர்டில் படிந்திருந்தால், உப்புக் காற்றின் ஈரத்தை இழுத்து, தடங்களுக்கிடையே மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, நன்றாக உலரவிடுங்கள். ஜாக்குகளுக்குக் காண்டாக்ட் கிளீனர் தெளியுங்கள். ஃபஸ் குமிழைத் திருப்பும்போது மட்டும் கொறகொறத்தால் கவலை வேண்டாம். இந்தச் சுற்றில் அதன் வழியாக நேர்மின்னோட்டம் ஓடுவதால் அது இயல்பு, புதிய குமிழ் வாங்கினாலும் போகாது. வால்யூம் குமிழ் கொறகொறத்தால், முதலில் அதையும் காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். அதன் பிறகும் நீடித்தால் அதற்கு முன்னுள்ள 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கசிகிறது என்று சந்தேகித்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.