தடைக்காலத்தில் திரும்பி வரும் எடை
வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 44. விசைப்படகில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாள் கரை. சென்ற ஆண்டு செப்டம்பரில் 92 கிலோ இருந்தேன். இரவுச் சோற்றை அடியோடு நிறுத்தி, ஓட்ஸ் கஞ்சி மட்டும் குடித்துப் பொங்கலுக்குள் 81 கிலோவுக்கு வந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூனில் படகேறும்போது 89 கிலோ. வாயைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். குறைந்த எடை ஏன் நிற்பதில்லை?
– வாசகர், மண்டபம்

பதில்: வீட்டில் சொல்வது பாதிதான் உண்மை. எடை குறையும்போது உடலுக்கு வேண்டிய சக்தியும் குறைந்துவிடுகிறது. 92 கிலோ உடல் சாப்பிட்ட அளவை 81 கிலோ உடல் சாப்பிட்டால் மிச்சம் கொழுப்பாகத்தான் சேரும். இதோடு, ‘போதும்’ என்று மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பின்னும் இந்த மாற்றங்கள் முழுமையாகச் சீராகவில்லை என்று தெரிந்தது. ஆகவே குறைப்பது ஒரு வேலை, குறைந்ததைக் காப்பது வேறொரு வேலை. நீங்கள் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்காமல் விட்டிருக்கிறீர்கள்.

தடைக்காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் வலை இழுப்பதும், மீன் தரம் பிரிப்பதும், ஐஸ் பெட்டி தூக்குவதும் நின்றுபோகின்றன. ஆனால் தட்டில் விழும் சோறு கடலுக்குப் போன நாளின் அளவிலேயே இருக்கிறது. அதற்கு மேல், வலை பழுது பார்க்க உட்கார்ந்த இடத்துக்கே டீயும் வடையும் வருகின்றன. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 60 கிராம். அது மட்டுமே 240 கலோரி. காற்றடித்து, கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) கொடுக்காத நாட்களிலும் இதே கதைதான். எனவே கடல் நாளுக்கு ஓர் அளவு, கரை நாளுக்கு ஓர் அளவு என்று சோற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கடலில் நான்கு கரண்டி என்றால் கரையில் இரண்டரை போதும். டீயை மூன்றாகக் குறைத்து, சீனியைப் பாதியாக்குங்கள்.

ஓட்ஸைப் பற்றி எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் அது உங்கள் வீட்டு உணவு அன்று. பொங்கலோடு கைவிட்டுப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பத்து ஆண்டு கழித்தும் இதைச் செய்வோமா என்று கேட்டுப் பார்த்து, செய்ய மாட்டோம் என்று தோன்றினால் அந்த முறையைத் தொடங்கவே வேண்டாம். நம் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருப்பதால் வயிறு நெடுநேரம் நிறைந்திருக்கும். கெடுப்பது பொரிக்கும் சட்டிதான். ஒரு நாள் சாளை பொரிக்கும்போது எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்லி, பொரித்த பின் மிஞ்சியதையும் அளந்து பாருங்கள். குறைந்திருக்கும் ஒவ்வொரு மேசைக்கரண்டிக்கும் சுமார் 120 கலோரி, அதாவது ஏறக்குறைய 100 கிராம் சோற்றுக்குச் சமம். பொரித்த மீன் வாரம் ஒரு நாள் போதும். மற்ற நாட்களில் குழம்பு அல்லது அவியல். மீன் இருந்தால் காய் எதற்கு என்று நினைக்கும் பழக்கம் கடலோரத்தில் உண்டு. தட்டில் முருங்கைக்கீரையோ சுரைக்காயோ கால்வாசியாவது இருக்கட்டும், அதையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வாருங்கள்.

உடல் நலத்துக்கு வாரம் 150 நிமிட நடை போதும் என்பார்கள். குறைந்த எடையைக் காப்பதற்கு 200 முதல் 300 நிமிடம் வரை தேவைப்படலாம். கரை நாட்களிலும் தடைக்காலத்திலும் வெயில் ஏறுவதற்கு முன் முக்கால் மணி நேரம் விரைந்து நடங்கள்.

எடையை வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலையில் சாப்பிடும் முன் பாருங்கள். வீட்டில் கருவி இல்லாவிட்டால், இறாலும் நண்டும் நிறுக்கும் கம்பெனித் தராசு கூடப் போதும். எப்போதும் அதே தராசாக இருப்பதுதான் முக்கியம். இரண்டு கிலோ ஏறினால் அந்த வாரமே திருத்துங்கள். எட்டு கிலோ ஏறும்வரை விட்டால் மீண்டும் பட்டினிதான் நினைவுக்கு வரும். இப்போதைக்கு வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். 89 கிலோவிலிருந்து ஆறு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும்.

கேள்வி: சீனிக்குப் பதில் கருப்பட்டி சேர்த்தால் உடல் இளைக்கும் என்கிறார்களே?
– வாசகி, சாயல்குடி

பதில்: இளைக்காது. சீனியைப் போலவே கருப்பட்டியிலும் ஒரு கிராமுக்கு நான்கு கலோரிக்குச் சற்றே குறைவாக இருக்கிறது. தாது உப்புகள் கொஞ்சம் கிடைக்கும், சுவையும் நன்றாக இருக்கும்; ஆனால் நல்லதுதானே என்று இரண்டு துண்டு கூடுதலாகப் போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதே பனையின் இளநுங்கில் நீர்தான் மிகுதி. கோடையில் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பதிலாக அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

கேள்வி: வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசியைச் சில மாதம் போட்டுவிட்டு நிறுத்தலாமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: செமாக்ளூடைட் ஊசியைக் கேட்கிறீர்கள் என்று கொள்கிறேன். பெரிய ஆய்வொன்றில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்தி ஓராண்டு ஆனபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எனவே சில மாதத் திட்டமாக இதை நினைக்காதீர்கள். பசி அடங்கியிருக்கும் காலத்தில் புரத உணவும் தசைக்கான பயிற்சியும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டுப் புற்றுநோய் இருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மருந்துக்கடையில் நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.